மாகாளிக் கிழங்குக்குப் பெயர் வைத்த மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மாகாளிக் கிழங்கு பலருக்கும் தெரிந்த பொருள். மலையடிவாரப் பாறை இடுக்குகளில் படரும் ஒரு கொடியின் வேர் அது. தோலைச் சீவி, நடு நரம்பை நீக்கி, துண்டு போட்டு ஊறுகாய் ஆக்குவார்கள். அதன் வாசனைக்கு முகம் சுளிப்பவர்களும் உண்டு, அது இல்லாமல் தயிர்சாதம் இறங்காது என்பவர்களும் உண்டு. அந்தக் கொடியின் அறிவியல் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனியை. 1834இல் அச்சேறிய பெயர் இது. தாவர நூல்களில் இந்தப் பெயரையடுத்து இருவரின் பெயர்கள் சுருக்கமாக நிற்கும்: வைட், ஆர்னாட். ஆற்றங்கரை வெண்மருதுக்கும் வறண்ட காட்டு விடத்தேரைக்கும் பின்னால் நிற்பவர்களும் இவர்களே. அவ்விரு மரங்களுக்கும் வேறு அறிஞர்கள் முன்பே பெயர் சூட்டியிருந்தார்கள். அவை எந்தப் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று ஆராய்ந்து, உரிய இடத்தில் சேர்த்தவர்கள் வைட்டும் ஆர்னாட்டும். பெயர் வைப்பது வகைப்பாட்டியலாளரின் வேலையில் ஒரு பகுதிதான். எது எதற்கு உறவு என்று முடிவு செய்வதே அதில் கடினமான பகுதி.

அவர்களில் ராபர்ட் வைட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தம் பணிக்காலத்தில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு மண்ணில் கழித்தவர் அவர்.

வைட் 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1818இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருந்துகளில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே கிடைத்ததால், மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் படித்தார்கள். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை வந்து சேர்ந்தார். காலையில் சிப்பாய்களின் காய்ச்சலையும் புண்ணையும் பார்ப்பார், மற்ற நேரத்தில் செடி தேடுவார். கையில் சில நூல்களே இருந்தன, கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் ஆள் இல்லை. பல ஆண்டுகள் சேர்த்த செடிகளை எடின்பரோவில் இருந்த பேராசிரியருக்குக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பல் நன்னம்பிக்கை முனை அருகே மூழ்கிவிட்டது. அவர் மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார்.

செடி சேர்ப்பது என்றால் பறித்து வைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பூவும், முடிந்தால் காயும் உள்ள கிளையாகத் தேர்ந்து வெட்ட வேண்டும். தாள்களுக்கிடையே பரப்பும்போது ஓர் இலையையாவது திருப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் அடிப்பக்கத்து மயிரும் நரம்பும் பின்னால் ஆராய்பவருக்குத் தேவைப்படும். ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் அசந்தால் பூஞ்சை பிடித்து எல்லாம் கறுத்துவிடும். காய்ந்தபின் ஊர், நாள், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டோடு தடித்த தாளில் பொருத்துவார்கள். அதைத்தான் உலர்தாவரத் தாள் என்கிறோம். நூறாண்டு கடந்த தாளிலிருந்து ஒரு காய்ந்த பூவை எடுத்துக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டுவையுங்கள். இதழ்கள் நெகிழ்ந்து விரியும், மகரந்தத் தாள்களை ஊசி முனையால் பிரித்து எண்ணலாம். மாணவர்களுக்கு நான் இதைச் செய்து காட்டியபோதெல்லாம் வகுப்பறையில் பேச்சு நின்றுவிடும்.

1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி வைட்டுக்குக் கிடைத்தது. தரங்கம்பாடி மிஷனரிகளின் காலத்திலிருந்து சேர்ந்துவந்த தாவரச் சேகரிப்புகளும் அத்துடன் அவர் பொறுப்பில் வந்தன. அந்த மிஷனரிகளில் ஒருவரான ராட்லர் பாதிரியாரைத் தமிழ் அறிந்தோர் அகராதிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள், தாவரவியலார் செடிகளுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஆளுநர் லஷிங்டன் சிக்கனம் கருதி அந்தப் பதவியை ஒழித்தார். சேகரிப்புகள் லண்டனுக்குப் போயின. வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார்.

தண்டனை போலத் தோன்றும் இந்த மாற்றம், சோழமண்டலக் கடற்கரைத் தாவரவியலுக்குக் கிடைத்த வாய்ப்பு ஆகிவிட்டது. உள்ளூர் ஆட்களைப் பழக்கிச் சம்பளம் கொடுத்து, தஞ்சைச் சீமையெங்கும் செடி சேர்க்க அனுப்பினார் வைட். எந்தப் புதர் எப்போது பூக்கும், எந்தக் குளத்தில் எந்தக் கொடி மிதக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. தாள்களில் 'வைட்' என்ற பெயர்தான் இருக்கிறது. இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு ஆறாத வருத்தம் அது.

1831இல் விடுப்பில் தாய்நாடு போனபோது அவருடன் ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்தாவரங்கள் போயின. ஒரே செடிக்குப் பல மாதிரிகள் இருந்தால், கூடுதலானவற்றைப் பல நாட்டு அறிஞர்களுக்குப் பகிர்ந்தளித்தார். ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட்டுடன் உட்கார்ந்து எழுதிய தீபகற்ப இந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. சுமார் 1400 இனங்களை அது விவரிக்கிறது. லின்னேயஸ் முறைப்படி மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை வைத்துச் செடிகளைப் பிரிக்காமல், மொத்த அமைப்பின் ஒற்றுமையைப் பார்த்துக் குடும்பங்களாக அடுக்கிய நூல் அது. இரண்டாம் தொகுதி வரவேயில்லை. ஒருவர் ஸ்காட்லாந்திலும் மற்றவர் இந்தியாவிலும் இருந்துகொண்டு, கடிதம் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும் நிலையில், அப்படி ஒரு நூலைச் சேர்ந்து எழுதுவது நடக்கக்கூடிய காரியமாக இல்லை.

இந்தியா திரும்பிய வைட், பெல்லாரியிலிருந்த படைப்பிரிவுடன் பாளையங்கோட்டை வரை ஏறத்தாழ 700 மைல் பயணம் செய்தார். வழியெல்லாம் செடி சேர்த்தார். குற்றாலத்தில் ஆராய்ந்தார், 1836இல் பழனி மலை ஏறினார், இலங்கைக்கும் போய்வந்தார். இந்தக் காலத்தில்தான், அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு என்று நான் கருதும் ஒன்றை எடுத்தார்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ராமநாதபுரத்திலோ சேலத்திலோ இருக்கும் ஒரு மருத்துவர் கையில் செடி இருக்கிறது. அதன் பெயரை உறுதிசெய்ய வேண்டுமானால் லண்டனில் உள்ள தாளோடு ஒப்பிட வேண்டும். வண்ணப்படங்கள் கொண்ட ஐரோப்பிய நூல்களோ யானை விலை. வைட் வண்ணத்தை விட்டுவிடத் துணிந்தார். கல்லின் மேல் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில், கறுப்புக் கோடுகளாக, மலிவாக, சென்னையிலேயே படங்களை அச்சிட்டால் தாலுகாவில் இருப்பவரும் வாங்கிப் பார்த்துச் செடியை இனங்காண முடியும் என்று நினைத்தார். 1838இல் தொடங்கிய 'ஐகோனஸ்' என்ற அந்தப் படத்தொகுதி 1853இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. மொத்தம் 2101 படங்கள். 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி' என்ற மற்றொரு நூலும், நீலகிரித் தாவரங்களுக்கென்றே ஒரு நூலும் வண்ணத்தில் உடன் வெளிவந்தன. 110 புதிய பேரினங்களையும் 1267 புதிய இனங்களையும் விவரித்தவர் என்று அவரைப் பாராட்டுவது வழக்கம். அந்த எண்ணிக்கையைவிட, ஒரு செடியை அது வளரும் நாட்டிலேயே இனங்காண வழி செய்தார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தப் படங்களை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் 1840களின் நடுவிலிருந்து கோவிந்து. அவர்களுடைய படம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தாளின் பெரும்பகுதியில் கிளை இருக்கும். மேல் இலை ஒன்று மடிந்து அடிப்பக்கத்தைக் காட்டும். நம் கண் முதலில் அங்கேதான் போகும். வகைப்பாட்டியலாளரின் கண்ணோ நேரே கீழே போகும். அங்கே வரிசையாகச் சிறு உருவங்கள் இருக்கும்: பிளந்த பூ, முன்னும் பின்னுமாக ஒரு மகரந்தப்பை, குறுக்கே வெட்டிய சூல்பை, அதற்குள் சூல்கள் ஒட்டியிருக்கும் இடம். கடுகளவு உறுப்பை உருப்பெருக்கியின் கீழ் வெட்டிப் பார்த்துப் பல மடங்கு பெரிதாக்கி வரைந்தவை அவை. எதை வரைய வேண்டும், எதை விடலாம் என்று அறிந்தவரால்தான் அப்படி வரைய முடியும். ஓவியர் என்று மட்டும் சொல்லி இவர்களை நிறுத்திவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை. தாவரவியலின் பாதி இந்தக் கைகளில் இருந்தது.

அதை வைட் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை டிரோபிடியா என்ற பேரினத்துள் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ரங்கையாவின் பெயரோ நிலைத்துவிட்டது. வயல் வரப்பில் சிறு பூப்பூக்கும் கோடகசாலையின் பேரினமான 'ரங்கியா' அவர் பெயரால் அமைந்ததாகவே கொள்ளப்படுகிறது. அதைச் சூட்டியவர் நீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர்.

1842 முதல் 1853 வரை வைட் கோயம்புத்தூரில் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிட்டுப் பார்க்கும் அரசுப் பண்ணைகளை மேற்பார்ப்பது அவர் உத்தியோகம். அமெரிக்காவிலிருந்து வந்த தோட்டக்காரர்கள் தங்கள் நாட்டுப் பருவத்தை மனத்தில் வைத்து விதைத்தார்கள். நம் மழை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. எதிர்பார்த்த வெற்றி கிடைக்காமல் பண்ணைகள் மூடப்பட்டன. பகலெல்லாம் பருத்திக் கணக்கு எழுதிய அதே ஆண்டுகளில்தான் ஐகோனஸின் பெரும்பகுதியை முடித்திருக்கிறார்.

1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். 1871இல் தம் உலர்தாவரங்களை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார்.

கியூவுக்குக் கொடுத்ததில் ஒரு விளைவு உண்டு. ஒரு தாவரப் பெயரில் ஐயம் எழுந்தால், பெயர் வைத்தவர் எந்தத் தாளைப் பார்த்து வைத்தாரோ அந்த மூலத் தாளைத்தான் பார்க்க வேண்டும். நம் செடிகள் பலவற்றின் மூலத் தாள்கள் கடல் கடந்து இருக்கின்றன. அதற்காகவே இந்தியத் தாவர ஆய்வு நிறுவனம் தன் அலுவலர் ஒருவரை நெடுங்காலம் கியூவில் பணியமர்த்தி வந்தது. இப்போது பல தாள்களின் ஒளிப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன என்றாலும், காய்ந்த பூவை ஒளிப்படத்தில் பிளந்து பார்க்க முடியாது. நம் மண்ணிலும் சென்னை உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. 1909இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்ட அந்தத் தொகுப்பைத் தாவரவியல் மாணவர்கள் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஐகோனஸின் எல்லாத் தொகுதிகளையும் இன்று இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். திறந்தால் படத்தோடு நின்றுவிடாமல், அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் படித்துப் பாருங்கள். கடைசித் தொகுதிகளில் பல தாள்களில் அங்கே கோவிந்து என்று இருக்கும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.