எட்டு முறை உருட்டியும் தாயம் விழவில்லையா? ராசியைத் திட்டாதீர்கள்!

(திரையில்: பித்தளைத் தாயக்கட்டைகள் உருளும் சத்தம், பின்னால் யாரோ "ச்சே!" என்கிறார்)

வணக்கம் மக்களே. எல்லாரும் காயை இறக்கிவிட்டார்கள், நீங்கள் மட்டும் எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? மூன்றில் ஒருவருக்கு அப்படித்தான் ஆகும். ஏன் என்று இப்போது காட்டப்போகிறேன், தொடக்கநிலை 3 படிக்கும் என் அக்கா மகளுக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா என்ன.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்: 1654இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள், நிகழ்தகவுக் கணக்கு அதில் சூடுபிடித்தது. நம் சிங்கப்பூரில் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படிப்பது உயர்நிலைக்குப் போன பிறகுதான். தொடக்கநிலை முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் வராது என்பதால் டியூஷனிலும் யாரும் தொடமாட்டார்கள். நல்லதுதான், நிம்மதியாக விளையாடலாம்.

முதலில் குதிரைப் பந்தயம். தாளில் 1 முதல் 12 வரை குதிரைகளை வரையுங்கள், இரண்டு பகடையை உருட்டி, கூட்டினால் எந்த எண் வருகிறதோ அந்தக் குதிரையை ஒரு கட்டம் நகர்த்துங்கள். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நான்கு பிள்ளைகளை வைத்து ஆடினேன். ஒருவன் 12ஐ எடுத்தான், பெரிய எண்ணாம். இன்னொருத்தி 8, அதிர்ஷ்ட எண் என்று சீனத் தோழி சொன்னாளாம் (பாவம், அவள் தேர்வு மோசமில்லை, இரண்டு பகடையும் ஆறு ஆறு முப்பத்தாறு வழியில் விழலாம், அதில் 8க்கு 5 வழி இருக்கிறது). மூன்றாவது பிள்ளை 7ஐ எடுத்து ஜெயித்தாள், அதற்கு 6 வழி. ஆனால் எனக்குப் பிடித்தது 1ஐ எடுத்தவன்தான். பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தான், அப்புறம்தான் "இரண்டு பகடை உருட்டினால் ஒன்று எப்படி வரும்?" என்று கத்தினான். அந்தக் கத்தலுக்காகத்தான் 1ஐப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன், தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்!

சரி, இப்போது தாயம். என் அம்மா ஆடும்போது ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் உருட்டுவார். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டை என்றால் நாலு நாலு பதினாறு வழி. அக்கா மகளிடம் நாலுக்கு நாலு கட்டம் போட்டு வண்ணம் தீட்டச் சொன்னேன், அவ்வளவுதான், பாடம் முடிந்தது. தாயத்துக்கு ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழவேண்டும், அதற்கு 2 கட்டம். மூன்றுக்கு 4 கட்டம், அதுதான் அதிகம். ஆறுக்கு ஒரே ஒரு கட்டம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே கட்டம். அவளுக்கு இங்கேதான் கோபம் வந்தது: "அப்படியென்றால் ஆறும் பன்னிரண்டும் ஒரே அளவு அபூர்வம்தானே, பன்னிரண்டுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு நகர்த்துகிறோம்?" நியாயமான கேள்வி, இத்தனை வருடமாக ஆடும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

லூடோவில் ஆறு விழுந்தால் காய் இறங்கும், ஆறில் ஒரு வாய்ப்பு. தாயத்தில் 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. நம் ஆட்டம்தான் கொஞ்சம் கறார்! ஒரு முறை உருட்டித் தாயம் விழாமல் போக எட்டில் ஏழு வாய்ப்பு, 0.875. அதைக் கால்குலேட்டரில் எட்டு முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், 0.34 வரும். மூன்றில் ஒருவர் என்றேனே, அவர் இவர்தான்.

ஒரு எச்சரிக்கை, எங்கள் கட்டை பழசு, ஓரம் தேய்ந்தது, அதனால் எண்ணிப் பார்க்கும்போது கணக்கு அச்சுப்போல வராது. ஐம்பது முறையாவது உருட்டிக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். பத்து முறையோடு நிறுத்தினால் பிள்ளை உங்களைப் பொய்யர் என்று நினைக்கும்.

இன்னொன்று, "இவ்வளவு நேரமாக விழவில்லை, அடுத்தது கண்டிப்பாகத் தாயம்தான்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏழு முறை விழாதது கட்டைக்குத் தெரியாது, எட்டாவது முறையும் அதே எட்டில் ஒன்றுதான். சிரிக்காதீர்கள், ஃபோர் டி லாட்டரிச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் மாமாக்களும் இதையேதான் சொல்கிறார்கள், அங்கே 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், முதல் பரிசு ஒன்றுக்குத்தான்.

கட்டம் வரைந்த அன்றைக்குச் சாயங்காலமே அக்கா மகள் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். "பாட்டி, இனிமேல் மூன்று விழுந்தால் காயை இறக்கலாமா?" நாலில் ஒரு வாய்ப்பு ஆயிற்றே, கெட்டிக்காரி. என் அம்மா கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "மூணு விழுந்து இறக்கினா அதுக்குப் பேரு தாயமாடி? போடு."

உங்கள் வீட்டில் ஐந்துக்கு மறு ஆட்டம் உண்டா, இல்லையா? கமெண்டில் எழுதுங்கள், எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.