அம்மியும் நகரும், பாலமும் நகரும்

(குன்னூரில் நடந்த கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுக்கிறேன்.)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, வளைவுக்கு வளைவு தலை சுற்றினாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, நூலகத்து அம்மா அவர்களே, அரங்குக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன புண்ணியவான் அவர்களே, பின்வரிசையில் நிற்கும் தோட்டத்துச் சொந்தங்களே, வணக்கம். செயலாளரை விட்டுவிட்டால் ஒரு மாதம் பேசமாட்டார், அவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. கீழே ஊர்களில் போர்த்திய கையோடு மடித்து வைத்துவிடுவார்கள். குன்னூரில்தான் கூட்டம் முடியும் வரை யாரும் கழற்றுவதில்லை.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். பாம்பன் தூக்குப் பாலம் எப்படித் திறந்தது, 1964 புயலில் எப்படித் தப்பியது, இப்போது வந்திருக்கும் புதிய பாலம் எப்படிப்பட்டது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்து நான் பார்த்ததில்லை. பாலம் நகர்ந்து பார்த்திருக்கிறேன்.

அதன் பூர்வீகம் அமெரிக்காவில், சிகாகோ நதி. ரயிலும் போகவேண்டும், கப்பலும் போகவேண்டும். சுழலும் பாலம் கட்டினால் நடுத்தூண் நதியை அடைக்கும். வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் வேறு வழி கண்டார். குழந்தைகள் ஆடும் மரக்குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் அடி வளைந்திருக்கும், பின்னால் உருண்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். கிணற்றுத் துலாவில் கல் கட்டுவதுபோல் வால் பக்கம் பாரம். 1893இல் அவர் இறந்துபோனார். 1895இல் பாலம் திறந்தது. அதே முறையில்தான் பாம்பனில் 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாலத்தின் நடுவே இரண்டு கதவு வைத்தார்கள்.

1978இல் என் அத்தையை ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். அத்தை பக்கத்து வெலிங்டனைத் தாண்டாதவர். பாம்பன் வெயிலில் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர். “கடல் காத்து குளிரும்னு சொன்னாங்க” என்கிறார். கரையில் டீக்கடையில் நின்றோம். தூரத்தில் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழுந்தது. அவ்வளவுதான். கையிலிருந்த கிளாஸ் கீழே. “ஐயோ, பாலம் உடைஞ்சு போச்சே! நான் எப்படிடா குன்னூர் போவேன்?” என்று மணலில் உட்கார்ந்து ஒப்பாரி. கடையே திரும்பிப் பார்க்கிறது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து, “அழாதீங்க ஆத்தா, படகு போனதும் மூடிருவோம்” என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு பெரிசைத் தூக்குற மோட்டார் எங்கப்பா இருக்கு?” என்று கேட்டார். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், முழுக்கக் காய்ப்பு. “நாங்கதான் ஆத்தா மோட்டார். ரெண்டு பக்கமும் நின்னு கையால தள்ளணும்.” அத்தை பையிலிருந்த வர்க்கி அத்தனையும் அவர் கையில் கொட்டிவிட்டார். ஊர் வந்து சேரும் வரை வர்க்கி இல்லை எனக்கு! அவர் பெயரை மட்டும் நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

புயலுக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலே பயணிகளோடு போயிற்று. பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள். தூக்கும் பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பேற்று 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். அடி மேல் அடி! அப்புறம் அந்தப் பாலத்தில் வந்தவர்கள் யார்? இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பும் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்துக்கு ரயிலில் போன தோட்டத் தமிழர்கள். உங்கள் தாத்தா பாட்டிகள். அந்தக் காய்ப்புக் கைகள் தாங்கிய பாலத்தின் மேல்தான் நீலகிரித் தேயிலைக்கு ஆள் வந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? பாம்பனை விடுங்கள், நம் ஸ்டேஷனுக்கு வாருங்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்த ரயில். சுமார் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் பாதை. தண்டவாளத்தின் நடுவில் பற்கள், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் முன்பெட்டியில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார், பெட்டிக்குப் பெட்டி ஒருவர். கொட்டும் மழையில் பாதையைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் கேங்மேன். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தோம், சந்தோஷம். எஞ்சினுக்கு எண் இருக்கிறது. பல்சக்கர முறையைத் தந்த சுவிஸ்காரர் ரோமன் ஆப்ட்டின் பெயர் உலகுக்கே தெரியும். பிரேக் பிடித்தவர் பெயர்?

நம் ஸ்டேஷனில் ஒரு கல், அதில் இப்படி உழைத்தவர்கள் நாற்பது ஐம்பது பேரின் பெயர். அதைத்தான் கேட்கிறேன். நான்கு மனு போட்டுவிட்டேன். ஓர் அலுவலகத்தில், “இது எந்தப் பிரிவில் வரும்?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். இன்று ஐந்தாவது. அம்மி நகரும் ஐயா!

புதிய பாலம்... 2025 ஏப்ரல் 6இல் திறந்தது, நடுப்பகுதி மோட்டாரில் நேராக மேலே எழும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சரி, இன்னொரு நாள். வாசலில் மேசை போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது உங்கள் வீட்டில் ரயில்வேயில் இருந்தவர் பெயரையும் எழுதுங்கள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன தடவை மூன்று காணவில்லை. டீயும் வர்க்கியும் அதே மேசையில்தான்.