தெரியாத சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் விசாரிப்போம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாளிதழில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மூன்று மாத வாடகை நிலுவையில் இருப்பதால் கடையைப் பூட்டப்போவதாகக் கட்டட உரிமையாளர் எச்சரித்தார்." மறுபடி சொல்கிறேன். "மூன்று மாத வாடகை நிலுவையில் இருப்பதால் கடையைப் பூட்டப்போவதாகக் கட்டட உரிமையாளர் எச்சரித்தார்." ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்துவிட்டு, "நிலுவைன்னா என்னம்மா?" என்று கேட்கிறது. "பாக்கி" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிள்ளைக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடை இரண்டு நாள்கூடத் தங்காது. அந்தச் சொல்லுக்காகப் பிள்ளை எந்த வேலையும் செய்யவில்லை, அதுதான் காரணம்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கடைக்காரர் வாடகையைக் கட்டியிருந்தா உரிமையாளர் ஏன் கடையைப் பூட்டணும்?" இது போதும். அப்படியானால் வாடகை கட்டவில்லை, கட்ட வேண்டியது நிற்கிறது என்று பிள்ளை தானே சொல்லிவிடும். 'இருப்பதால்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆல்' காரணத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 'பூட்டப்போவதாக' என்பது விளைவைக் காட்டுகிறது. நடுவில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். தெரியாத சொல்லைப் பற்றிப் பக்கத்து வீட்டுச் சொற்களிடம் விசாரிக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் ஒரு நூற்பா இருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால் எந்தப் பொருளைக் கொள்வது என்ற கேள்விக்கு அது மூன்று வழி சொல்கிறது. வினை, இனம், சார்பு. மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மா என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. 'மா பூத்தது' என்றால் மரம். பூத்தது என்ற வினை சொல்லிவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றாலும் மரம்தான்; பக்கத்தில் நிற்கும் மருது அதன் இனம். போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் அது குதிரை. அவன் நிற்கும் நிலை, அதாவது சார்பு, சொல்லிவிட்டது. தொல்காப்பியர் இதைப் பல பொருள் ஒரு சொல்லுக்காகச் சொன்னார். முன்பின் தெரியாத சொல்லுக்கும் இதே மூன்று கதவுகளைத் தட்டலாம் என்பது என் கருத்து.

முதலில் வினை. தமிழ் வாக்கியத்தில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் தெரியாத சொல்லைக் கண்ட இடத்திலேயே நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் செய்யும் முதல் தவறு அங்கேதான். ஒரு வரி சொல்கிறேன். "அம்மா சொளகை எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அரிசியைப் புடைத்தாள்." தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொளகு தெரியும், மற்ற ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாது. 'சொளகை எடுத்து வந்து' என்ற இடத்தில் நின்றால் அது தட்டாக இருக்கலாம், புத்தகமாக இருக்கலாம். 'திண்ணையில் உட்கார்ந்து' என்ற இடத்தில் நின்றால் பாயாகவும் இருக்கலாம். 'அரிசியைப் புடைத்தாள்' என்று முடியும்போது வேறு எதுவுமே பொருந்தாது; முறம்தான். முற்றுப்புள்ளி வரை போனால்தான் விடை வரும். ஆகவே முதல் விதி: தெரியாத சொல் வந்தால் அந்த இடத்தில் 'ஏதோ ஒன்று' என்று சொல்லிக்கொண்டு, முற்றுப்புள்ளி வரை படியுங்கள். அம்மா ஏதோ ஒன்றை எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அரிசியைப் புடைத்தாள். எளிதாகிவிட்டது, இல்லையா?

அடுத்தது இனம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் இங்கே சற்று நேரம் நிற்கிறேன். நம் பேச்சில் சொற்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து வரும். இணைமொழி என்கிறோம். பழைய சொற்கள் பல இந்த இணைகளுக்குள்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 'அல்லும் பகலும் உழைத்தார்' என்கிறோம். 'அல்' என்று தனியாக யாரும் இன்று சொல்வதில்லை. ஆனால் பக்கத்தில் பகல் நிற்கிறது. பகலோடு சேர்ந்து முழு நாளாவது எது? இரவு. 'ஊண் உறக்கம் இல்லாமல் காத்திருந்தாள்' என்கிறோம். உறக்கம் தெரியும். உறக்கத்தைப் போலவே உடம்புக்கு அன்றாடம் வேண்டிய இன்னொன்று எது? உணவு. அல் இரவு, ஊண் உணவு. இரண்டு பழஞ்சொற்கள் ஒரு நொடியில் நம் கைக்கு வந்துவிட்டன.

ஆனால் இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. 'தோட்டம் துரவு' என்று சொல்கிறோம். 'நல்ல வசதியான குடும்பம், தோட்டம் துரவெல்லாம் இருக்கு' என்று. துரவு என்றால் என்ன? தோட்டத்தோடு வருவதால் அதுவும் ஒரு வகைத் தோட்டம் என்றுதான் ஊகிக்கத் தோன்றும். அகராதியைப் பார்த்தால் துரவு என்றால் கிணறு. இணையில் நிற்கும் சொற்கள் ஒரே பொருளாக இருக்கலாம், எதிர்ப்பொருளாக இருக்கலாம், தோட்டமும் கிணறும் போல ஒன்றுக்கொன்று துணையாக இருக்கலாம். 'அக்கம் பக்கம்' போன்றவற்றில் முன்சொல் ஓசைக்காக மட்டும் வந்து நிற்கும். அதற்குத் தனிப்பொருள் தேடக் கூடாது. எனவே இணைமொழி தெருவைக் காட்டும். கதவு எண்ணை அகராதியில்தான் பார்க்க வேண்டும். பேருந்துப் பயணத்தில் பிள்ளைகளோடு இதை ஒரு விளையாட்டாகவே ஆடலாம். ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர் பின்பாதி சொல்ல வேண்டும். பிறகு இரண்டில் தெரியாத பாதிக்கு எல்லோரும் பொருள் ஊகிக்க வேண்டும். ஈவு இரக்கம், மேடு பள்ளம், நோய் நொடி... அரை மணி நேரம் போனதே தெரியாது.

மூன்றாவது சார்பு. எங்கே, யார், எந்தச் சூழலில் என்பது. திருக்குறள் 1274-ஆம் குறளில் 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று வருகிறது. இன்றைய பிள்ளைக்கு நாற்றம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் விஷயம். ஆனால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள்: முகை, அதாவது மலராத மொட்டு. மொட்டுக்குள் அடங்கியிருப்பது நறுமணமாகத்தானே இருக்க முடியும்? நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நல்ல மணத்தையும் குறித்தது என்பதை மொட்டே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. தெரிந்த சொல்லும் சில இடங்களில் தெரியாத சொல்லாக வந்து நிற்கும் என்பதற்கும் இது சான்று. அலுவலகக் கடிதத்தில் 'பயணப்படி' என்று வருமே, அது ஏறும் படி அல்ல, அளக்கும் படியும் அல்ல. பயணச் செலவுக்குத் தரும் தொகை.

இந்த மூன்றோடு சில அடையாளச் சொற்களையும் பழக்கிவிடுங்கள். 'அதாவது', 'எனப்படும்' வந்தால் பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. 'போன்ற', 'முதலிய' வந்தால் அதற்கு முன்னால் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 'ஆனால்', 'மாறாக' வந்தால் பொருள் தலைகீழாகத் திரும்புகிறது. இவற்றுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னால் போதும்.

சொல்லை உரித்துப் பார்ப்பதும் உதவும். 'இடர்ப்பாடுகளையும்' என்ற நீளமான சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். 'உம்' எடுங்கள், 'ஐ' எடுங்கள், 'கள்' எடுங்கள், இடர்ப்பாடு மிஞ்சும். அதற்குள் இடர். புயல் எச்சரிக்கையில் 'பேரிடர்' என்று கேட்ட பிள்ளைக்கு அது பழகிய சொல்தான். ஆனால் உரித்ததை மட்டும் நம்பக் கூடாது. 'கையூட்டு' என்பதைக் கை, ஊட்டு என்று பிரித்தால் சோறு ஊட்டுவதாகப் படும். "பட்டா மாற்ற ஐயாயிரம் ரூபாய் கையூட்டு வாங்கியவர் கைது" என்று முழு வரியையும் பார்த்தால், ரூபாயும் கைதும் சேர்ந்து அது லஞ்சம் என்று சொல்லிவிடும். உரித்துக் கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா வாக்கியமும் பொருள் சொல்லிக் கொடுக்காது. "தாத்தா இறும்பூது எய்தினார்." இதில் துப்பே இல்லை. போதாக்குறைக்கு, 'இயற்கை எய்தினார்' என்று கேட்டுப் பழகிய காதுக்குத் தாத்தா இறந்துவிட்டார் என்றுகூடத் தோன்றும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நூறு குறளும் பிழையில்லாமல் எப்படி வந்தது என்று வாயடைத்துப்போய், தாத்தா இறும்பூது எய்தினார்." இப்போது வியப்பு என்பது தெளிவு. ஒரு வரியில் துப்பு இல்லையென்றால் முந்தைய வரி, அடுத்த வரி இரண்டையும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஊகிக்க வேண்டாம். நேரே அகராதிக்குப் போங்கள். தவறான ஊகம் மனத்தில் பதிந்தால் அதைப் பிடுங்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். வாக்கிய எடுத்துக்காட்டு உள்ள அகராதியாக இருந்தால் நல்லது. 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் அப்படித் தருகிறார்கள்.

எந்தப் புத்தகத்தில் பழகுவது? பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஆங்கில வாசிப்பைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வும் இதை ஒத்த கருத்தைத்தான் சொல்கிறது: துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். விசாரிக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே!

இப்போது ஆசிரியர்களுக்கு. கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி தயாரிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஐந்து கோடுகளுக்கு ஐந்து சொற்கள் கொடுத்தால், கடைசிச் சொல் யோசிக்காமலே விழுந்துவிடும்; ஏழு சொற்கள் கொடுங்கள். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் ஒரே கட்டத்தில் கலந்தால், பொருள் தெரியாமலே வடிவத்தை வைத்துப் பொருத்திவிடுவார்கள். ஒரே வகையாகக் கொடுங்கள். மூன்றாவது நம் தமிழுக்கே உரிய சிக்கல், சந்தி. 'அந்தப்' என்று எழுதிக் கோடு போட்டால், விடை பகர வரிசையில் தொடங்குகிறது என்று அந்த 'ப்' காட்டிக் கொடுத்துவிடும். 'ஓர்' என்று எழுதினால் உயிரெழுத்து என்று தெரிந்துவிடும். ஒன்று, கட்டத்தில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்கட்டும். இல்லையென்றால், கோட்டுக்கு முன் ஒற்று மிகாதபடி வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். 'அந்த' என்பதற்குப் பதில் 'பழைய' என்று போட்டாலே போதும்.

நேரம் முடியப்போகிறது. பெரியவர்களுக்கான பயிற்சி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். 1999-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் நூற்றுக்குப் பதினைந்தளவே தானாக மனத்தில் நிற்கிறது என்று காட்டியது. ஆகவே ஒருமுறை ஊகித்தால் போதாது. வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதும். நோட்டில் சொல்லை மட்டும் எழுத வேண்டாம், அது வந்த வாக்கியத்தையும் எழுதுங்கள். கீழே உங்கள் ஊகம், அதற்குக் கீழே அகராதிப் பொருள், பிறகு உங்கள் வீட்டு விஷயத்தை வைத்து நீங்களே ஒரு வாக்கியம். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துச் சொல்லைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தைப் படியுங்கள். மூடிய சொல் நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு வாக்கியம் தந்துவிட்டு விடைபெறுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "விடியலில் புறப்பட்டவர்கள் வழியில் எங்கும் நிற்காமல் நடந்தும், வெயில் தணிந்த எற்பாட்டு வேளையில்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்." எற்பாடு. முதலில் முற்றுப்புள்ளி வரை படியுங்கள், பிறகு அக்கம் பக்கத்தில் விசாரியுங்கள், அதற்குப் பிறகு அகராதியைத் திறங்கள். வணக்கம்.