சுருட்டு இழுக்கிற மாதிரி இழுக்காதேங்கோ

(நவம்பர் மாத மூன்றாம் புதன்கிழமை, உலக சி.ஓ.பி.டி. நாளன்று, அதாவது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் நாளன்று, எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, இந்த மழைக்குள்ளும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மையார் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, எனக்கு முன் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்ட வைத்திய நிபுணர் ஐயா அவர்களே, கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே (ஒலிபெருக்கி அவர்களுடையது, பெயர் சொல்லாமல் விட்டால் சத்தம் நின்றுவிடும்), தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் மாதர் சங்கத்துப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அதிபர் அவர்களை விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும் சேர், தூணுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்.

எனக்கு வைத்தியம் தெரியாது. 34 வருடம் வெண்கட்டி பிடித்தவன். ஆனால் படிப்பிப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். தொய்வு என்கிற ஆஸ்துமாவும் மூச்சு முட்டும் உள்ளவர்களுக்கு, வருத்தத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் படிப்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, மருந்தை இழுப்பது. இரண்டு, மூச்சு வாங்கினாலும் நடப்பது. மூன்று, வருத்தம் கடுக்க முன்னமே உடம்பு காட்டுகிற அறிகுறியைப் படிப்பது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன் என்று தெரிந்த பழைய மாணவர்கள் பின்வரிசையில் இப்போதே சிரிக்கிறார்கள். சிரியுங்கோ.

இந்த நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் முற்றாக மாறிப்போகிற வருத்தம் அல்ல என்று ஐயா சொன்னார். பழுதுபட்ட நுரையீரல் திரும்ப முளைக்காது. ஆனால் இருக்கிறதைக் கொண்டு நன்றாக வாழலாம். பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. குசினிக்குள் ஈரப் பொச்சுமட்டையையும் கொக்கறையையும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதியே மூச்சைத் தொலைத்த எங்கள் அம்மாமார் எத்தனை பேர்! மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அதிலும் வைத்தியருக்கு முன்னால் இருப்பது ஐந்து நிமிடம் என்று வையுங்கள். மிச்ச 29 நாளும் நோயாளிதான் தனக்கு டொக்டர், தனக்கு மிஸி. அவருக்கு யார் படிப்பித்தது?

என் சின்னையாவின் கதையைச் சொல்கிறேன். நேரம் எடுக்கும், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சின்னையா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். சுற்றின சுருட்டில் பாதி விற்பனைக்கு, பாதி தனக்கு. அறுபது தாண்ட மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கப்சூலைப் போட்டுத் திருகி இழுக்கிற குழல் ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்கு வாசல்வரை சனம். கிளினிக் கொப்பிகள் மேசையில் ஒரு முழ உயரம். பாவம் அந்த மிஸி, இவருக்கு விளங்க வேண்டுமே என்று, "அப்பு, சுருட்டு இழுக்கிற மாதிரி இழுங்கோ" என்றா. சின்னையாவின் முகம் மலர்ந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையல்லவா!

மூன்று வருடம் இழுத்தார். ஒரு நாள் தவறவில்லை. முட்டு குறையவில்லை. மருந்தைக் கூட்டினார்கள். இரவில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே நித்திரை. "மருந்து சரியில்லை, இனிப்பு மாவைத்தான் போட்டுத் தாறாங்கள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அது ஒருவகையில் உண்மையும்கூட. அந்தத் தூளில் பெரும்பங்கு லக்ரோஸ் என்கிற பால் சீனி, மருந்து அதோடு சேர்ந்த ஒரு சிட்டிகை.

கண்டுபிடித்தது ஆறு வயதுப் பேத்தி. "அப்பப்பா, உங்கட மீசையில மா!" எல்லோரும் போய்ப் பார்த்தோம். மனுஷன் குழலை வாயில் வைத்துக் கன்னம் குழிய இழுக்கிறார், வாய்க்குள் வைத்துக் கொஞ்சம் ருசி பார்க்கிறார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடைவாயால் மெல்ல ஊதிவிடுகிறார். சுருட்டுக்காரன் புகையை நெஞ்சுக்குள் இறக்க மாட்டானே! வாயோடு நிறுத்தி வெளியே விடுவான். மூன்று வருட மருந்தும் மீசைக்குப் போயிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த மிஸி சொன்னது பிழையா? சின்னையா செய்தது பிழையா? ஒருவரும் "இப்ப நீங்கள் செய்து காட்டுங்கோ" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய்!

பிறகு எப்படித் திருத்தினோம்? "ஆழமாய் இழுங்கோ" என்றால் அவருக்கு ஏறவில்லை. இளமையில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கு ஊதிக்கொண்டு ஊரைச் சுற்றினவர். "சின்னையா, சங்கு ஊத முன்னம் ஒரு மூச்சு எடுப்பியளே, அதை எடுங்கோ, ஊதாமல் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றேன். ஒரே இழுவை. கப்சூல் உள்ளே கிறுகிறுவென்று சுழல்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பத்து எண்ணும்வரை பிடித்தார். பத்துப் பன்னிரண்டு நாளில் கோயில் வீதிவரை நடந்து வந்துவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். தூள் குழலுக்குத்தான் இந்தச் சங்கு மூச்சு, வேகமாய். அமத்தி விசிறுகிற பம்புக்கு நேர்மாறு. அதற்கு மெதுவாக, ஆறுதலாக இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்கள் மாற்றிச் செய்வார்கள். பம்பை அமத்துவதும் இழுப்பதும் ஒத்துவராதவர்களுக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர் என்கிற குடுவை இருக்கிறது. வாங்க வசதியில்லையா? இதோ, அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல். அடியில் பம்பின் வாய்க்கு அளவாக ஓட்டை போட்டுக் காற்றுப் போகாமல் ஒட்டியிருக்கிறேன். கழுத்துப் பக்கத்தை வாயில் வைத்து மூச்செடுப்பது. தொய்வு வந்த பிள்ளைகளுக்கு இந்தப் போத்தலும் கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இல் தென்னாபிரிக்க வைத்தியர்கள் சோதித்துக் காட்டினார்கள். மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கிற ஸ்ரீரொயிட் மருந்தென்றால் இழுத்த பிறகு வாயைக் கொப்புளித்துத் துப்புங்கள், வாய் வெந்துபோகாது.

இரண்டாவது, நடை. மூச்சு வாங்குகிறது என்று கதிரையில் இருந்தால் கால் தசை வற்றும், பிறகு நாலு அடிக்கே மூச்சு வாங்கும். குத்துவிளக்குச் சுடர் ஆட வேண்டும், அணையக்கூடாது. அப்படி உதட்டைக் குவித்து நீளமாக ஊதி ஊதி நடவுங்கள். இதற்கு மேல் ஐயா சொல்லிவிட்டார்.

இதெல்லாம் எங்கே படிப்பிப்பது? கிளினிக்கில் இடமில்லை, நேரமில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு என்ன செய்தார்? எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது, விளங்குகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று. எங்களுக்கு விளங்குகிற இடம் எது? வாசிகசாலை!

தலைவர் சிரிக்கிறார். டெங்குக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் இவன் வாசிகசாலையில்தான் வந்து நிற்பான் என்கிறார். ஆம், நிற்பேன். பேப்பர் படிக்க இப்போது யாரும் வருவதில்லை, கையில் போன் இருக்கிறது, அதனால் பூட்டி வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். வாங்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஊருக்கு நடுவில் இருக்கிறது. கிழமைக்கு ஒரு பின்னேரம் திறந்தால் பத்துப் பேர் ஒருவர் முன் ஒருவர் இழுத்துக் காட்டலாம், பிழையைத் திருத்தலாம். பிரதேச செயலாளர் அம்மா, புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கிற கதவைத் திறக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது விஷயம், சளி நிறம் மாறினால்… மணி அடித்துவிட்டார்கள். சரி. அது அடுத்த புதன்கிழமை, பின்னேரம் நாலரைக்கு, பின் அறையில். பம்பையும் குழலையும் கையோடு கொண்டு வாருங்கோ, வெறுங்கையோடு வந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். அறைத் திறப்பு வாசிகசாலைச் செயலாளரிடம் இருக்கிறதாம். வரும்போது பூட்டைப் பார்த்தேன், கறள் பிடித்துக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் நான் கொண்டு வருகிறேன்.