தெரியாத நகரத்தில் ஸ்டீயரிங் பிடிக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பெருநகரத்துக்குள் முதன்முதலாக வண்டியை விடுகிறவருக்கு இருக்கும் பெரிய பயம், வழி தப்பிவிடுமோ என்பது. வழி தப்பினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், கொஞ்சம் எரிபொருள் வீணாகும். தப்பிய திருப்பத்தை அதே நொடியில் எட்டிப்பிடிக்கப் பார்க்கும்போதுதான் விபத்து நடக்கிறது. நான்கு லேன் சாலையில் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, எதிர் ஓரத்தில் பிரியும் பாதையைக் கண்டதும் மூன்று லேன்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாயும். பின்னால் வருகிறவர்கள் அதை எதிர்பார்த்திருக்கவே முடியாது. ஆகவே தெரியாத ஊரில் சாலையை முன்கூட்டியே படிப்பது எப்படி, படிக்கத் தவறினால் பதறாமல் போவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. வழிகாட்டும் கைப்பேசித் திரையை இரண்டு நொடி பார்த்தால் 28 மீட்டரைக் கண்ணால் பார்க்காமலேயே கடந்துவிடுவீர்கள். நகரத்தில் அந்த 28 மீட்டருக்குள் ஒரு பாதசாரிக் கடப்பு, ஒரு பேருந்து நிறுத்தம், கதவைத் திறக்கப்போகும் ஒரு டாக்ஸி எல்லாமே இருக்கக்கூடும். ஆகவே திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குரலைக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன், வண்டி நின்றிருக்கும்போதே, முழு வழியையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பார்த்துவிட வேண்டும். எல்லாத் திருப்பங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தச் சுற்றுச்சாலை, அதில் எந்த எண்ணுள்ள வெளியேறும் பாதை, ஆற்றைக் கடக்க வேண்டுமானால் எந்தப் பாலம், கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படிப் போகிறது என்பது தெரிந்தால் போதும்.

வெளியேறும் பாதையின் எண்ணை மட்டும் நம்பி எண்ணிக்கொண்டே போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த எண் வரிசை எண்ணாக இருப்பதில்லை. அந்த மாநிலத்துக்குள் சாலை தொடங்கிய இடத்திலிருந்து எத்தனையாவது மைல் என்பதைக் குறிக்கிறது. 12-க்கு அடுத்து 15 வரலாம். ஒரே மைலுக்குள் இரண்டு பாதைகள் பிரிந்தால் 15-உடன் எழுத்துகள் சேரும். அப்படிப்பட்ட ஊரில் 15-இல் வெளியேற வேண்டுமென்றால் 14-க்காகக் காத்திருக்காமல், இரண்டு மைல் முன்னதாகவே அந்தப் பக்கத்து லேனுக்கு வந்துவிடுங்கள். லேன் மாறும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற வேண்டும்: முதலில் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், கண்ணாடியில் விழாத மூலையைத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதன் பிறகே ஸ்டீயரிங். ஒரு லேனுக்கு நான்கைந்து நொடி ஆகும். மூன்று லேன் மாற எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போடலாம்.

ஜி.பி.எஸ். எங்கே காலை வாரும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உயரமான கட்டடங்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும் தெருவில் செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வராமல் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருகிறது. அப்போது இருப்பிடம் பத்து இருபது மீட்டரோ அதற்கு மேலோகூடத் தள்ளிக் காட்டும். பிரதான சாலையும் அதன் ஓரத்துச் சர்வீஸ் சாலையும் ஒட்டி ஓடும் இடத்தில் இந்தப் பிசகு போதும், தவறான பாதையில் இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்ள. ஒன்றன் மேல் ஒன்றாகச் சாலை ஓடும் இடங்கள் இன்னும் மோசம். சிகாகோவில் ஆற்றங்கரையை ஒட்டிய வேக்கர் டிரைவ் இரண்டு தளங்களாக, சில இடங்களில் மூன்று தளங்களாக ஓடுகிறது. அங்கே கருவி சொல்லும் திருப்பம் உங்கள் தலைக்கு மேலே இருக்கலாம். சுரங்கப்பாதைக்குள் சாலை இரண்டாகப் பிரியுமா என்பதையும் உள்ளே நுழையும் முன்பே பார்த்துவையுங்கள். உள்ளே கருவி வெறும் ஊகத்தில்தான் ஓடும்.

இன்னொன்று: பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்ததும் திரையில் அம்புக்குறி எங்கெங்கோ சுழலும். வண்டி நகர்ந்தால்தான் திசை சரியாகத் தெரியும் என்பதே காரணம். பத்திருபது மீட்டர் போனபின் அது தன்னால் சரியாகும். அதுவரை ‘யூ-டர்ன் எடுக்கவும்’ என்று குரல் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

திருப்பம் தப்பியாகிவிட்டது. இனி என்ன செய்வது? அது அந்த நகரம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் 1811-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. குறுக்குத் தெருக்களில் பெரும்பாலானவை ஒருவழி. இரட்டை எண் தெருக்கள் கிழக்கே போகும், ஒற்றை எண் தெருக்கள் மேற்கே போகும். ஆகவே தப்பிய தெருவுக்கு அடுத்ததன் அடுத்ததில் அதே திசைக்குத் திரும்பிவிடலாம். கட்ட அமைப்புள்ள எந்த நகரத்திலும் மூன்று வலது திருப்பங்கள் ஓர் இடது திருப்பத்துக்குச் சமம். ஆனால் இந்தக் கணக்கை மாஸ்கோவில் போட்டால் ஏமாந்துபோவீர்கள். அங்கே மையத்திலிருந்து ஆரச் சாலைகள் விரிந்து போகின்றன, வட்டச் சாலைகள் அவற்றை வெட்டுகின்றன. இரண்டு ஆரச் சாலைகளுக்கு இடையிலுள்ள தூரம் போகப்போக அதிகமாகிக்கொண்டே இருக்கும். சின்னத் தெருக்களில் நுழைந்து சுற்றிக்கொண்டிருப்பதைவிட அடுத்த வட்டச் சாலை வரை நேராகப் போய், அதில் திரும்பி வருவதே சுலபம். ஆறு ஓடும் நகரங்களில் தவறுக்கு அதிக விலை கொடுக்கும் இடம் பாலத்தின் வாய். பாலத்தில் ஏறிவிட்டால் மறுகரையில் இறங்கித்தான் திரும்ப முடியும். பாலத்துக்கு முந்தைய 500 மீட்டரில் மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது பார்க்கவும் கற்கவும் நிறைய இருக்கிறது. பச்சை விழுந்ததும் முதல் வண்டி கிளம்பச் சுமார் இரண்டு நொடி வீணாகும். அதன் பின் ஒரு லேனில் இரண்டு நொடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். 30 நொடிப் பச்சையில் ஏறக்குறைய 14 கார்கள். வரிசையில் நீங்கள் இருபதாவது ஆள் என்றால் இன்னொரு சிவப்பு உங்களுக்கு நிச்சயம். முன்னால் இருப்பவருக்கு ஹாரன் அடித்துப் பயனில்லை. மஞ்சள், சாலையின் வேகத்தைப் பொறுத்து 3 முதல் 5 நொடி எரியும்.

நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் சாலைப் பரப்பைக் கவனியுங்கள். பல நகரங்களில் அங்கே ரம்பத்தால் வெட்டி, கறுப்பாக ஏதோ ஊற்றி அடைத்த செவ்வகக் கோடு தெரியும். அதற்குள் கம்பிச் சுருள் புதைந்திருக்கிறது. மேலே வண்டியின் உலோகம் வந்து நின்றால் சுருளில் ஏற்படும் மின்மாற்றத்தை வைத்து சிக்னல் பெட்டி ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று தெரிந்துகொள்கிறது. கோட்டிலிருந்து ஒரு வண்டி நீளம் பின்னால் தயங்கி நின்றால் அதற்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நள்ளிரவில் திரும்பும் லேனில் சிக்னல் மாறவே மாறாமல் நிற்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். செவ்வகத்தின் மேல் வண்டியை நிறுத்துங்கள், போதும்.

சிவப்பில் திரும்பலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். நியூயார்க் நகரத்தில் அனுமதிப் பலகை இருந்தாலொழியக் கூடாது. மெல்போர்ன் மையத்தில் பல சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடக்கோடிக்குப் போய்க் காத்திருக்க வேண்டும், நடுவில் ஓடும் டிராம்களை மறிக்காமல் இருக்க.

ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதியை பிரிட்டன் 1966-இல் கொண்டுவந்தது. அதற்கு அழுத்தமான காரணம் உண்டு. நுழைகிறவருக்கு முன்னுரிமை கொடுத்தால் வட்டம் நிரம்பிக்கொண்டே போகும், உள்ளே இருப்பவரால் வெளியேற முடியாது, மொத்தமும் பூட்டிக்கொள்ளும். ஆனால் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 12 சாலைகள் வந்து சேரும் வட்டத்தில் இன்றும் உள்ளே நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை. அங்கே வட்டத்துக்குள் நின்று வழிவிட வேண்டியிருக்கும். புதியவர் அந்த வட்டத்தைத் தவிர்த்துப் பக்கத்துத் தெருக்களில் சுற்றிப் போவதே நல்லது என்பது என் கருத்து.

நெரிசலைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரையும் மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னலோ, விபத்தோ, குறுகலோ எதுவும் இல்லை. ஆனாலும் சற்று நேரத்தில் நெரிசல் உருவாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. இதை 2008-இல் வெளியிட்டார்கள். ஒருவர் லேசாகப் பிரேக் தொட, பின்னால் வருபவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தொட, அப்படியே வளர்ந்து கடைசியில் ஒருவர் நின்றேவிடுகிறார். முன் வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டுப் போனால் அந்த அலை உங்களிடம் வந்து கரையும். இடைவெளியில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். கிளட்ச் உள்ள வண்டியில் மேட்டில் ஊரும்போது பாதிக் கிளட்ச்சில் பிடித்து நிற்காமல் கைபிரேக் போடுங்கள். எரிந்த வாடை வந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போனால், பரபரப்பான சாலையில் தவறு நேர்வது குறைவு. மற்ற வண்டிகளே இழுத்துச் செல்லும். ஆபத்து வெறிச்சோடிய சாலையில்தான்: அதிகாலையில் விடுதியிலிருந்து கிளம்பும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிப் பாதை முடிந்து இருவழியில் திரும்பும்போது. அந்த நாட்டு வாடகை வண்டியில் ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும். உங்கள் தோள் நடைபாதைப் பக்கம் இருந்தால் உடனே திருத்திக்கொள்ளுங்கள்.

மையப்பகுதிக்குள் நுழையக் கட்டணமோ தடையோ உண்டா என்பதைக் கிளம்பும் முன்பே விசாரியுங்கள். சிங்கப்பூர் 1975-இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது, லண்டன் 2003-இல். இத்தாலியில் பழைய நகரப் பகுதிகள் பலவற்றுக்கு அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். தடுப்பு எதுவும் இருக்காது, கேமராதான். அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வரும்.

கடைசியாகப் பார்க்கிங். அடித்தளக் கூடங்களின் நுழைவில் உயரக் கம்பி தொங்கும், பெரும்பாலும் இரண்டு மீட்டரைச் சுற்றித்தான் அளவு. கூரையில் பெட்டி கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உள்ளே நிறுத்தியபின் தளத்தின் எண்ணையும் தூணின் எழுத்தையும், எந்தத் தெருப் பக்கத்து லிஃப்டில் ஏறினீர்கள் என்பதையும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். கூடம் இரவு எத்தனை மணிக்கு மூடும் என்ற பலகையையும் சேர்த்து.

வணக்கம்.