காதைப் பிளக்குதா, அடைக்குதா?

வணக்கம். வானொலிச் சத்தம் அதிகமாக வைத்திருந்தால் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் இன்றைய பேச்சே 'காதைப் பிளக்கும்' என்ற சொல்லைப் பற்றித்தான்.

வெடிச்சத்தம் என்றாலும் காதைப் பிளக்கும், கைதட்டல் என்றாலும் காதைப் பிளக்கும் என்றே எழுதுகிறோம், படிக்கிறோம். சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில் 120 வாக்கில் காது வலிக்க ஆரம்பிக்கும், சரி. ஆனால் செவிப்பறை நிஜமாகவே கிழிய ஏறக்குறைய 160 வேண்டும், அதாவது பக்கத்திலேயே குண்டு வெடிக்க வேண்டும். கைதட்டி யார் காதைப் பிளப்பது?

ஒருமுறை ஒரு விழாவில் வேறு இடம் கிடைக்காமல், ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுக்கூட்டுக்குள் திம் திம் என்று இடிக்கிறது, சட்டைப் பொத்தான்கூட அதிர்கிறது. வெளியே வந்ததும் நண்பர் ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, பேச்சு மட்டும் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. "என்ன?" என்றேன். "எதுக்குய்யா இப்படிக் கத்துறே?" என்றார். நான் கத்தியதே எனக்குத் தெரியவில்லை! ராத்திரி படுத்தால் காதுக்குள் ஒரே 'ஙொய்'. உள்காதில் இருக்கிற மெல்லிய மயிர்ச் செல்கள் அடிபட்டுச் சோர்ந்தால் அப்படித்தான் ஆகும். மறுநாள் தெளிந்தது, என் நல்ல நேரம். செத்த செல் என்றால் திரும்ப முளைக்காது.

அன்றைக்கு வீட்டில் என் வாயில் தானாக வந்த சொல் 'காது அடைச்சுப்போச்சு'. அதைத்தான் சொல்ல வந்தேன். காது அடைத்தது. பசி மிஞ்சினாலும் 'காது அடைக்குது' என்கிறோம் இல்லையா, பட்டவர்கள் சொன்ன சொல் அது. பிளப்பது தூரத்தில் நின்று எழுதியவர் சொல் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இது போதாதென்று 'காதைப் பிளக்கும் மௌனம்' வேறு. ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியது. மயான அமைதி என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதற்கு என்ன குறை?

அப்புறம் இரைச்சல், கூச்சல், முழக்கம், ஆரவாரம் என்று ஒரு தாள் நிறையக் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார்கள். கடலுக்கு இரைச்சல், இடிக்கு முழக்கம், கூச்சல் என்றால் மனிதக் குரல் இருந்தாக வேண்டும். ஆரவாரத்துக்கு நேரமில்லை. வணக்கம்.