புரட்டாசியிலேயே ஊசி வேண்டும்

அவைத்தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அறங்காவலர் அவர்களே, அறிமுகவுரையில் என்னைப் பெருமைப்படுத்திய தலைமையாசிரியை அம்மா அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் அன்பர்களே, வணக்கம். காலையிலிருந்து உடனிருக்கும் ஊராட்சித் தலைவருக்குத் தனி நன்றி.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சிரைப்பு திடீரென்று முற்றுவது ஏன்? கிருமி, புகை, மூச்சோடு உள்ளிழுக்கும் பம்ப் மருந்தை நிறுத்திவிடுவது, இந்த மூன்றையும் பேச வந்தேன். முதலில் கிருமி. "வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள். இந்த நோய்க்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இப்படி முற்றுவதில் பாதிக்கு மேல் தொற்றால்தான். பல நேரம் முதலில் நுழைவது வைரஸ்: ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸ், அல்லது ஃப்ளூ. பீடியிலும் விறகடுப்புப் புகையிலும் புண்பட்ட மூச்சுக்குழாய் இன்னும் வீங்கிக் கோழை கட்டுகிறது. அதில் பாக்டீரியா பெருகுகிறது. காலையில் துப்பும்போது பாருங்கள். வெள்ளையாக வந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, இரைப்பும் ஏறினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்கே ஆன்டிபயாடிக் அதிகம் கைகொடுக்கிறது என்று 1987இல் கனடாவில் அந்தோனிசன் என்ற மருத்துவரின் குழுவினர் காட்டினார்கள். வெறும் ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது.

ஒரு கதை சொல்கிறேன். 1892இல் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, ஃப்ளூவுக்கு இதுவே காரணம் என்றார். 1933இல் லண்டனில் மூன்று விஞ்ஞானிகள், ஃப்ளூ நோயாளி தொண்டை கொப்பளித்த நீரைப் பாக்டீரியா போக வடிகட்டி, கீரி மாதிரி இருக்குமே ஃபெரட், அதன் மூக்கில் விட்டார்கள். அப்படியும் அதற்குக் காய்ச்சல், தும்மல்! காரணம் பாக்டீரியா இல்லை, வடிகட்டியிலும் நிற்காத வைரஸ் என்று தெரிந்தது. ஒருநாள் அந்த மூவரில் ஒருவரான வில்சன் ஸ்மித் குனிந்து அதைச் சோதிக்கிறார். அது அவர் முகத்திலேயே தும்மிவிட்டது. சில நாளில் அவரும் படுத்துவிட்டார். அவர் தொண்டையிலிருந்தே அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். வைரஸ் கைக்குக் கிடைத்த பிறகுதான் ஐயா, தடுப்பூசியே வந்தது!

அந்த ஊசிக்காகத்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி இலவசம். இளைப்புள்ள பெரியவர் ஃப்ளூ ஊசியை வருஷாவருஷம் பெரும்பாலும் காசு கொடுத்தல்லவா போட வேண்டியிருக்கிறது? கூலிக்காரர் எங்கே போவார்? நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூவும் ஏறும். புரட்டாசியிலேயே அவர்களுக்கும் இலவசமாக ஊசி போட்டாக வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு! நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியையும் சேர்த்தே கேட்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள், புகையையும் பம்ப் மருந்தையும் பற்றி இன்னொரு நாள். வாசல் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்திடுங்கள்; வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் அவர் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். வணக்கம்.